தாடையும் கழுத்தும் சேர்ந்து வலிக்கிறதா? காரணத்தைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

தாடையிலிருந்து கழுத்து வரை வலி இழுத்தால் நம்மில் பலர் முதலில் சந்தேகப்படுவது பல்லை. அடுத்தது தலையணையை. இரண்டில் ஒன்று காரணமாக இருக்கவும் கூடும். ஆனால் இதயம், காது, தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, கழுத்து எலும்பு, பாக்கு போடும் பழக்கம், வாந்திக்குப் போட்ட ஒரு மாத்திரை என்று பல காரணங்கள் இதே இடத்தில்தான் வலியாக வெளிப்படும்.

முகத்தின் உணர்வை மூளைக்கு எடுத்துச் செல்லும் ஐந்தாவது மூளை நரம்பும், கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று தண்டுவட நரம்புகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் வலிச் செய்தியும் அந்தப் பக்கம் கலக்கிறது. அதனால் வலி எங்கே பிறந்தது என்று மூளையால் பல நேரங்களில் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. கழுத்துத் தசை கெட்டால் தாடை வலிக்கும், தாடை மூட்டு கெட்டால் காது வலிக்கும், இதயம் கெட்டால் பல் வலிப்பது போலத் தோன்றும்.

ஆகவே வலிக்கும் இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எதைச் செய்யும்போது வலிக்கிறது, எதை நிறுத்தினால் குறைகிறது என்பதில்தான் பெரும்பாலான விடைகள் இருக்கின்றன.

படி 1: ஆபத்தான காரணங்களை முதலில் பாருங்கள்

மாரடைப்பில் நெஞ்சு வலித்தே தீர வேண்டும் என்பதில்லை. கீழ்த்தாடை, கழுத்து, தோள், இடது கை, மேல் முதுகு ஆகிய இடங்களில் மட்டும் அழுத்தமாகவோ கனமாகவோ வலி வரலாம். கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், காரணம் தெரியாத அசதி. பெண்கள், சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள் ஆகியோரிடம் இப்படி நெஞ்சு வலி இல்லாமல் வருவது கூடுதல். நம் வீடுகளில் இதைக் "கேஸ்" என்று சொல்லி, சோடாவும் ஓம வாட்டரும் கொடுத்துக் காத்திருக்கும் பழக்கம் உயிரை எடுக்கிறது. அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்க வேண்டிய நேரம் அந்தக் காத்திருப்பில்தான் போகிறது.

இந்த அறிகுறிகள் இருந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன. கிராமத்தில் இருப்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று தயங்க வேண்டாம். இன்னொன்று: முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதியாகிவிடாது. திரும்ப ஈ.சி.ஜி. எடுத்து, ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். "ஈ.சி.ஜி. நார்மல்" என்றதும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

மாரடைப்புக்கு முன்னால் பல நாட்கள் எச்சரிக்கை கொடுக்கும் வலியும் உண்டு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது தாடை கனக்கிறது, மேலே போய் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது, மறுநாள் அதே படியில் மீண்டும் வருகிறது என்று வையுங்கள். பல் மருத்துவர் பல்லைத் தட்டிப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், ஒன்றும் இருக்காது. பல் வலி மெல்லும்போது கூடும். இதய வலி மெல்லும்போது கூடாது. நடக்கும்போது கூடும், நின்றால் குறையும். இந்த வித்தியாசம் தெரிந்தால் போக வேண்டியது இதய மருத்துவரிடம் என்பது புரியும், அதுவும் அன்றைக்கே.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய மற்ற நிலைமைகள்:

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால் அது மூச்சுப் பாதையை அடைக்கக்கூடிய தொற்று. ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இலேயே இதை விவரித்திருக்கிறார். இன்றைக்கும் இதில் ஆட்கள் இறக்கிறார்கள். மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கும் விஷயம் இல்லை இது.

காய்ச்சல், கடும் தலைவலி, முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியாத அளவுக்குக் கழுத்து விறைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சல் சந்தேகம். குழப்பமோ வாந்தியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சில நாட்களுக்கு முன் ஆணியோ முள்ளோ குத்தி, இப்போது வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகிக் கழுத்தும் விறைத்தால் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ். தடுப்பூசியை முடிக்காத, பூஸ்டர் போட்டுக்கொள்ளாத பெரியவர்களிடம் இன்னும் வருகிறது.

கழுத்தைச் சொடுக்கிய பிறகோ, வண்டி இடித்து உதறிய பிறகோ ஒரு பக்கக் கழுத்தில் இதுவரை இல்லாத வலி வந்து தாடைக்கும் கண்ணுக்குப் பின்னாலும் பரவினால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். ஒரு கண் இமை தொங்குவது, கை கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். முடிவெட்டும் கடையில் மசாஜ் முடித்துக் கழுத்தை இரண்டு பக்கமும் "டக்" என்று திருப்புகிறார்களே, அதை நான் முற்றிலும் வேண்டாம் என்றே சொல்வேன். சுளுக்கு எடுக்கிறவரிடம் கழுத்தைக் கொடுப்பதும் அப்படித்தான். தலை அலசும்போது கழுத்தை வெகுநேரம் பின்னால் சாய்த்துவைத்து இந்தப் பிரச்சினை வந்தவர்கள் இருப்பதால் நரம்பியல் மருத்துவர்கள் இதைப் "பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்" என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மெல்ல ஆரம்பித்ததும் தாடை களைத்து வலித்து, நிறுத்தியதும் விட்டு, நெற்றிப்பொட்டும் தலைத்தோலும் தொட்டால் வலித்தால் அது ஒரு வகை ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகும் என்பதால் இங்கே சேர்க்கிறேன்.

படி 2: கண்ணாடி முன் நின்று விரலால் தேடுங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால் அவசரம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள்.

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வையுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு எலும்புக் குமிழ் முன்னால் நகர்ந்து பின்னால் வருவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. அங்கே "க்ளிக்" என்று சொடுக்குகிறதா, மணல் அரைபடுவது போல உரசுகிறதா, ஒரு பக்கம் மட்டும் முன்னதாக நகர்கிறதா என்று கவனியுங்கள். கண்ணாடியில் முகவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்றும் பாருங்கள். வலி இல்லாமல் சொடுக்கு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பலருக்கும் இருக்கிறது.

அடுத்து பற்களை இறுகக் கடியுங்கள். கன்னத்தில் ஒரு தசை புடைக்கும். கடிப்பதை விட்டுவிட்டு அந்தத் தசையை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு புள்ளியில் "ஆமாம், இந்த வலிதான்" என்று தோன்றினால் விடை ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தெலும்புக்கு இறங்கும் நீளமான தசை, பிடரிக்குக் கீழ் உள்ள பள்ளம் ஆகிய இடங்களிலும் அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆழமாக அழுத்தக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன.

பிறகு ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து முன்பற்களுக்கு இடையில் நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு அவரவருடைய மூன்று விரல்கள் நுழையும். இரண்டுதான் போகிறது என்றால் அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகத் தாடைக்கு அடியிலும் கழுத்தின் பக்கங்களிலும் தடவிப் பாருங்கள். தொட்டால் வலித்து உருளும் சிறு கட்டி பெரும்பாலும் நெறி கட்டியது. பல், தொண்டை, தலைப்புண் என்று அருகில் எங்கோ தொற்று இருக்கும். வலியே இல்லாத, கெட்டியான, நகராத கட்டிதான் அதிகக் கவலைக்குரியது. மூன்று வாரம் தாண்டியும் கட்டி கரையவில்லை என்றால் காசநோயா, புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

படி 3: வலி வரும் நேரத்தை எழுதி வையுங்கள்

நான்கைந்து நாள் போனிலேயே குறித்து வைத்தால் போதும். காலையில் எழும்போதே தாடை களைத்திருந்தால் இரவில் பல்லைக் கடிக்கிறீர்கள். மாலை ஆக ஆகக் கூடினால் கழுத்தும் உட்காரும் விதமும் காரணமாக இருக்கலாம். சூடோ ஐஸோ பட்டதும் சுரீர் என்று இழுத்து, படுத்தால் துடித்தால் அது பல். சாப்பிட உட்கார்ந்ததும், அதுவும் புளிப்பைப் பார்த்ததும், தாடைக்கு அடியில் வீங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வற்றினால் உமிழ்நீர்க் குழாயில் கல். காற்று பட்டாலோ, சவரம் செய்தாலோ, பல் துலக்கினாலோ கரண்ட் ஷாக் அடித்த மாதிரி சில விநாடிகள் வெட்டி இழுத்துவிட்டுப் போனால் நரம்பு வலி. விழுங்கும்போது மட்டும் என்றால் தொண்டையையோ தைராய்டையோ பார்க்க வேண்டும்.

படி 4: காரணங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்

தாடை மூட்டும் மெல்லும் தசையும். நீண்ட நாள் வலியில் அதிகம் காணப்படுவது இதுதான், அதிலும் 20 முதல் 40 வயதுப் பெண்களிடம். மூட்டின் நடுவில் ஒரு சிறு வட்டு இருக்கிறது. அது இடம் நழுவித் திரும்பும்போதுதான் சொடுக்குச் சத்தம். நழுவியது திரும்பாவிட்டால் வாய் பாதியில் நின்றுவிடும். மன அழுத்தத்தில் பல்லைக் கடிப்பது, ஒரே பக்கம் மெல்வது, சூயிங்கம், நகம் கடிப்பது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிப் பேசுவது ஆகியவை இதைக் கிளறிவிடுகின்றன. காது வலிக்கிறது என்று போவார்கள், காதில் ஒன்றும் இருக்காது. நெற்றிப்பொட்டு வலியும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தே வரும். நல்ல செய்தி, பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குறைகிறது. அதனால்தான் "கடியைச் சரிசெய்ய" நல்ல பற்களை ராவுவது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள் என்கிறேன்.

கழுத்து. நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்வரை எலும்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. போனைப் பார்க்கக் குனிந்தால் சுமை முழுக்கப் பின்கழுத்துத் தசைக்கு மாறி, பல மடங்கு கூடுகிறது. காதுக்குக் கீழே தாடையின் மூலையில் உள்ள தோலுக்கு உணர்வு தருவது கழுத்திலிருந்து வரும் இரண்டாம், மூன்றாம் நரம்புகள். ஆகவே கழுத்துத் தேய்மானமோ தசைப் பிடிப்போ தாடை மூலையில் வலியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. கழுத்தைத் திருப்பினால் வலி மாறுகிறது, மெல்லுவதால் மாறவில்லை என்றால் இந்தப் பக்கம் தேடுங்கள். கை மரத்துப்போவது, விரலில் பலம் குறைவது, நடை தடுமாறுவது இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

ஞானப்பல். 17 முதல் 25 வயதுக்குள் முளைக்க இடமில்லாமல் பாதியில் நிற்கும் பல்லின் மேல் ஈறு மூடியிருக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கை போய் அழுகிச் சீழ் வைக்கும். வாய் திறப்பு குறையும், விழுங்கினால் வலிக்கும், தாடைக்கு அடியில் நெறி கட்டும். ஆன்டிபயாடிக் போட்டால் அடங்கும், சில மாதத்தில் திரும்ப வரும். இரண்டாம் முறை வந்தால் பல்லை எடுப்பதைப் பற்றிப் பல் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

பாக்கு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாக்கெட் பாக்கு, பான் மசாலா, குட்கா எதுவாக இருந்தாலும் தொடர்ந்து கன்னத்தில் அடக்கினால் உள்கன்னத்தின் தோலுக்கு அடியில் நார்த்திசு படிந்து இறுகும். முதலில் காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். பிறகு உள்கன்னம் வெளுத்து, பட்டை பட்டையாகத் தடித்து, மூன்று விரல் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும். தாடை இழுத்துப் பிடித்த வலி அதனால்தான். இது வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடியது. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவுக்குத் தடை வந்தும் இளம் பையன்கள் இந்த நிலையில் வருவது நிற்கவில்லை. "புகையிலை இல்லாத பாக்குதானே" என்பது பொய்யான ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. இறுகியது முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் இன்று நிறுத்தினால் அடுத்த கட்டத்தைத் தடுக்கலாம்.

வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டில் மரப்பு ஆகியவை இருந்தால் பாக்கு போடாதவரும் உடனே காட்ட வேண்டும்.

வாந்தி மாத்திரை. இது பலருக்குத் தெரியாது. மெட்டோகுளோபிரமைடு போன்ற சில வாந்தி மருந்துகளும், சில மனநல மருந்துகளும் சிலருக்கு, அதிலும் இளம் வயதினருக்கு, திடீரென்று தாடையை இறுக்கிக் கழுத்தை ஒரு பக்கம் திருகிவிடும். கண்விழி மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். வீட்டில் வலிப்பு என்று சாவியைக் கையில் திணிப்பார்கள், இல்லை பேய் என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் பொதுவாகச் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். போட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

பொன்னுக்கு வீங்கி. குழந்தைக்குக் காய்ச்சலுடன் காதுக்குக் கீழே கன்னம் வீங்கி மெல்ல முடியாமல் போவது. இலங்கையில் கூகைக்கட்டு என்பார்கள். தங்கச் சங்கிலி போட்டுவிடுவதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. தண்ணீர், ஓய்வு, பாராசிட்டமால் போதும். வீக்கம் தொடங்கி 5 நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். விரை வீக்கம், கடும் தலைவலி, காது கேளாமை வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

தைராய்டு அழற்சி. வைரஸ் காய்ச்சல் விட்டுச் சில வாரத்தில் முன்கழுத்து தொட்டால் வலித்து, வலி தாடைக்கும் காதுக்கும் ஏறும். படபடப்பும் சேரும். தொண்டைப் புண் என்று ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், குறையாது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

முக நரம்பு வலி. ஷாக் அடிக்கும் வகை. பல் என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. இதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது, கார்பமாசிபைன் போன்ற நரம்பு மருந்துகளை மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆகவே எக்ஸ்ரேயில் குறை தெரியாத பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள்.

படி 5: தசை, மூட்டு வலிக்கு வீட்டில் இரண்டு வாரம்

இரவும் பகலும் தாடைக்கு ஓய்வு கொடுப்பதுதான் மருந்து. உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் லேசாக ஒட்டியிருக்கட்டும். சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. இதைப் பழக்கிக்கொண்டாலே பலருக்கு வலி இறங்குகிறது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் "பல் தொடுகிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், கஞ்சி சாப்பிடுங்கள். முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய், ரப்பர் மாதிரி ஆறிப்போன பரோட்டா வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள். இளஞ்சூட்டில் துணி ஒத்தடம் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. பல்லில் சீழ், முகத்தில் சிவந்த வீக்கம் இருக்கும் இடத்தில் மட்டும் சூட்டு ஒத்தடம் வேண்டாம். போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், கவிழ்ந்து படுக்காதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், அட்டையில் உள்ள அளவைத் தாண்டாமல். புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைச் சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. பல்லில் புகையிலை வைப்பதும், கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து மணிக்கணக்கில் அடக்கிவைப்பதும் ஈற்றைப் புண்ணாக்கும்.

வாயைப் பெரிதாகத் திறந்து தாடை மூட்டிலிருந்து விலகி மூட முடியாமல் போனால் வீட்டில் தள்ளிப் பார்க்க வேண்டாம். ஒரு துண்டால் முகவாயைத் தாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 6: யாரிடம் போவது, என்ன சொல்வது

மெல்லும்போது வலி, வாய் திறப்புக் குறைவு, பல், ஈறு, பாக்குப் பழக்கம் என்றால் பல் மருத்துவர். மூட்டுச் சிக்கலும் ஞானப்பல்லும் தாடை முக அறுவை மருத்துவர் வரை போகலாம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இந்தப் பிரிவுகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கட்டி, விழுங்குவதில் வலி, குரல் மாற்றம், உமிழ்நீர்ச் சுரப்பி என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர். கழுத்துத் திருப்பும்போது வலி, கை மரப்பு என்றால் எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவர். எதுவும் புரியவில்லை என்றால் பொது மருத்துவர்தான் சரியான தொடக்கம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும், எடை குறைந்தாலும், இரவில் எழுப்பும் அளவுக்கு வலித்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

போகும்போது படி 3இல் எழுதிய குறிப்பை நீட்டுங்கள். எத்தனை விரல் நுழைகிறது, மாடி ஏறினால் வலி வருகிறதா, அண்மையில் காய்ச்சலோ அடியோ உண்டா என்று கேட்காமலே சொல்லுங்கள். பாக்கு, புகையிலை, மது எதையும் மறைக்காதீர்கள். போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முக்கியமாக, எலும்புத் தேய்வுக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ சோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போட்டிருந்தால் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துக்குப் பிறகு பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே மடிந்துபோன நோயாளிகள் இருக்கிறார்கள். ஊசி போட்ட தேதியும் தெரிந்தால் சிகிச்சையை அதற்கேற்பத் திட்டமிடுவார்கள்.